களக்காட்டுக்குச் சைக்கிளில் செல்ல எது நல்ல வழி: நான்குவழிச் சாலையா, சேரன்மகாதேவி சாலையா?

திருநெல்வேலி மாவட்டத்தின் களக்காட்டில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய வாழைத் தோட்டம் ஒன்று உண்டு. பாளையங்கோட்டையிலிருந்து வாரம் ஒருமுறை சைக்கிளில் அங்கே சென்று திரும்புவது சில ஆண்டுகளாக என் வழக்கம். கன்னியாகுமரி செல்லும் நான்குவழிச் சாலையில் பொன்னாக்குடி, மூன்றடைப்பு வழியாக நாங்குநேரி வரை சென்று மேற்கே திரும்புவது ஒரு வழி. மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், மேலச்செவல், பத்தமடை வழியாகச் சேரன்மகாதேவியை அடைந்து தெற்கே இறங்குவது மற்றொரு வழி. தொலைவில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் நாற்பது கிலோமீட்டரை ஒட்டியவையே. முதல் ஆண்டு முழுவதும் நான்குவழிச் சாலையில் சென்றேன். இப்போது சேரன்மகாதேவி வழியாகத்தான் செல்கிறேன், பிறருக்கும் அதையே சொல்கிறேன்.

நான்குவழிச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று பலர் கேட்கிறார்கள். உண்டு. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் பிரதானத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்கள், ஆட்டோக்கள், டிராக்டர்கள், மோட்டார் பொருத்தாத வண்டிகள் ஆகியவற்றுக்குத் தடை விதித்தபோது, எல்லாத் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் அதுவே விதி என்று நம் பக்கத்தில் சிலர் எண்ணிக்கொண்டார்கள். அந்தத் தடை நுழைவும் வெளியேற்றமும் கட்டுப்படுத்தப்பட்ட சாலைகளுக்கு உரியது. முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்டுள்ள நம் சாலையிலோ ஊர்ச்சாலைகள் ஆங்காங்கே நேராக வந்து கலக்கின்றன; காஷ்மீரிலிருந்து குமரி வரை சைக்கிளில் வருவோர் அதில்தான் வந்து சேர்கிறார்கள். சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமமோ பதிவோ தேவையில்லை என்பது எல்லோரும் அறிந்ததே.

நான்குவழிச் சாலையின் பெரிய நன்மை, வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறம் தார் போட்ட ஓரப்பகுதி. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமுள்ள அந்த இடம் சேரன்மகாதேவி சாலையில் இல்லை. ஆனால் அதை முழுவதும் நம்ப முடியாது. சில பாலங்களில் அது குறுகி மறைகிறது. பழுதான லாரிகள் நிற்கின்றன. மழைக்குப் பின் மணல் ஒதுங்குகிறது. ஒவ்வொரு முறையும் அதைவிட்டு வலப்புறம் விலகும்போது, திரும்பிப் பார்த்துக் கைகாட்டிய பிறகே விலக வேண்டும்.

எதிர்த்திசையில் ஓட்டுவதைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நடுத்தடுப்பின் திறப்பு தொலைவில் இருக்கிறது என்பதற்காக இரண்டு கிலோமீட்டர் எதிர்த்தடத்திலேயே வருவோரை அன்றாடம் பார்க்கிறேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், அதே திசையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளை நூறு மீட்டர் பின்னாலிருந்து நெருங்க நாலரை விநாடி ஆகும். எதிரெதிராக வந்தால் மூன்றே விநாடி. இப்படிக் குறைந்துபோகும் ஒன்றரை விநாடிதான் கார்க்காரர் நம்மைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கான நேரம்.

இவை எல்லாவற்றையும்விட என் முடிவைத் தீர்மானித்தது காற்று. வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே வரும் காற்று, குற்றாலத்துக்குச் சாரலைத் தருவது போலவே, இந்தப் பக்கத்தின் வாழைகளைச் சாய்ப்பதும் உண்டு. பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் என்று காற்றாலைகள் நிற்பதே அதற்குச் சாட்சி. நான்குவழிச் சாலை வடக்கு தெற்காக ஓடுவதால் மேற்குக் காற்று முழுவதும் குறுக்கே அடிக்கிறது. நாங்குநேரி நோக்கிச் செல்கையில் காற்று வலப்புறத்திலிருந்து வரும். நிலைகுலையாமல் இருக்க நாமும் வலப்புறமாகச் சற்றுச் சாய்ந்தே ஓட்டுவோம். அந்த நேரத்தில் லாரி ஒன்று வலப்புறம் கடந்தால் காற்று ஒரு கணம் மறைக்கப்படுகிறது. சாய்ந்திருந்த உடல் தாங்கலின்றி லாரியின் பக்கமாகவே இழுபடும். லாரி கடந்ததும் காற்று மீண்டும் அறைந்து இடப்புறம் தள்ளும். திரும்பி வரும்போது நிலை இன்னும் மோசம்: காற்று இடப்புறத்திலிருந்து வருவதால் ஒவ்வொரு வீச்சும் நம்மை வண்டிகள் ஓடும் தடத்துக்குள்ளேயே தள்ளுகிறது. ஓர் ஆடி மாதத்தில் மூன்றடைப்பு அருகே அப்படி வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் உள்ளே போய்விட்டேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஒதுங்கிக் கொடுத்ததால் பிழைத்தேன். சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, ஆடி முடியுத மட்டும் இந்த ரோட்டுல சைக்கிள்ல வராதீங்க" என்றார். அவர் சொன்னதில் கோபமில்லை, பயம்தான் இருந்தது.

சேரன்மகாதேவி சாலையின் முதல் பாதி மேற்கு நோக்கிச் செல்வதால் அதே காற்று அங்கே எதிர்க்காற்றாகிறது. கால் வலிக்கும், அரை மணி நேரம் கூடுதலாகும். ஆனால் எதிர்க்காற்று பலத்தைத்தான் வாங்குமே தவிரப் பக்கவாட்டில் தள்ளாது. திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவது போலத் துணைக்கு வரும். சேரன்மகாதேவிக்குத் தெற்கே குறுக்குக் காற்று உண்டு என்பதை மறைக்கவில்லை. எனினும் அங்கே ஊர்களும் மரங்களும் இடையிடையே காற்றை மறைக்கின்றன. வண்டிகளும் குறைவு, வேகமும் குறைவு. நடுத்தடுப்பு இல்லாததால், எதிரே எதுவும் வராத நேரத்தில் ஓட்டுநர்கள் நன்றாக விலகியே கடக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. மேலப்பாளையம் நெரிசலைக் காலை ஏழு மணிக்குள் கடந்துவிட வேண்டும். இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் நாம் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். வாழைத்தார் ஏற்றிய வண்டிகளில் தார்கள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். அவற்றுக்கு வழக்கத்தைவிட ஒரு முழம் கூடுதலாக இடம் விடுவது நல்லது.

இருட்டிய பின் இந்தச் சாலையில் இரண்டு முறைதான் ஓட்டியிருக்கிறேன். பின்விளக்கும் ஒளி திருப்பும் பட்டைகளும் இருந்தன, ஆயினும் அதை வைத்து இரவுப் பயணத்துக்கு யாருக்கும் உறுதி சொல்ல மாட்டேன். நான்குவழிச் சாலையில் வள்ளியூருக்குத் தெற்கேயும் எனக்குப் பழக்கம் போதாது. காற்றில்லாத மார்கழி, தை மாதங்களில் இரு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு குறைவுதான். அப்போது நேரம் நெருக்கினால் நானும் நாங்குநேரி வழியாகப் போவதுண்டு. வைகாசி பாதி கழிந்ததும் சைக்கிளைப் பத்தமடைப் பக்கம் திருப்பிவிடுகிறேன்.