பிக் பெண்ட் பக்கம் கேபின் புக் செய்கிறவர்கள் கவனத்துக்கு

டெக்சாஸில் இருப்பவர்கள் குளிர்கால விடுமுறைக்கு பிக் பெண்ட் தேசியப் பூங்கா போகத் திட்டம் போடுகிறீர்கள் என்றால், தங்கும் இடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் கூட்டிப்போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

நாங்கள் டிசம்பரில் டெர்லிங்குவா பக்கம் ஒரு கேபின் எடுத்தோம். பூங்கா வாசலுக்குப் பத்து நிமிடம், ஹீட்டர் உண்டு, தனிக் கழிவறை உண்டு, குடும்பத்தோடு தங்க ஏற்றது என்று விளம்பரத்தில் இருந்தது. பணம் முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் கெடு முடிந்தது. மறுநாள் காலையில் ஹோஸ்டிடமிருந்து, அதாவது கேபினை வாடகைக்கு விடுகிறவரிடமிருந்து, ‘வரும் வழி’ என்று ஒரு செய்தி வந்தது. கடைசி ஆறு மைல் மண் சாலை, உயரமான வண்டி இருந்தால் நல்லது, குடிதண்ணீர் நீங்களே கொண்டு வர வேண்டும், போன் சிக்னல் கிடையாது. விளம்பரத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

உடனே பதில் எழுதினேன். எங்கள் வண்டி சாதாரண செடான், கூட வருகிற அம்மாவுக்கு மூட்டுவலி, இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருந்தால் எடுத்திருக்கவே மாட்டோம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். ‘செடான் எல்லாம் தினமும் வந்து போகிறது, கவலைப்படாதீர்கள். ரீஃபண்ட் கிடையாது’ என்று பதில் வந்தது.

ஹூஸ்டனிலிருந்து பத்து மணி நேர ஓட்டம். 118-ஆம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதிலிருந்து வண்டி நடுங்கிக்கொண்டே வந்தது. பாதி வழியில் வறண்ட ஓடை ஒன்று சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும், மற்ற நாளில் முழுக்க மணல். அந்த மணலில் சக்கரம் இறங்கிவிட்டது. பின்னால் பிக்கப் டிரக்கில் வந்த ஒரு புண்ணியவான் கயிறு கட்டி அக்கரைக்கு இழுத்து விட்டார். இந்த ஓடையில் இப்படி வண்டிகள் மாட்டுவது வழக்கம்தான் என்று அவரே சொன்னார். அப்படியானால் ஹோஸ்டுக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

கேபின் என்று இருந்தது தோட்டச் சாமான் போட்டு வைக்கிற மர ஷெட். தனிக் கழிவறை என்று போட்டிருந்தது, சரளைக்கல்லில் கொஞ்ச தூரம் நடந்து போனால் பலகைத் தடுப்புக்குள் ஒரு வாளி, பக்கத்தில் மரத்தூள் மூட்டை. எழுபதைத் தொடப்போகிற அம்மா நடுராத்திரியில் டார்ச் பிடித்துக்கொண்டு அங்கே போய் வர வேண்டும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பரவாயில்லைப்பா என்றார். எனக்குத்தான் தாங்கவில்லை.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது ஹீட்டர். கையில் தூக்கி வைக்கிற சிறிய புரொபேன் ஹீட்டர். ஜன்னல் திறக்க வரவில்லை, கார்பன் மோனாக்சைடு அலாரமும் இல்லை. அந்தப் பாலைவனத்தில் டிசம்பர் இரவு உறைநிலையை ஒட்டிப் போகும், விடிய விடிய ஹீட்டரை ஓடவிடத்தான் தோன்றும். மூடிய அறையில் புரொபேன் எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். படம் எடுத்துக்கொண்டு, பெட்டியை இறக்காமலே கிளம்பிவிட்டோம். திரும்பும்போதும் அந்த ஓடையில் அதே மனிதர்தான் இழுத்து விட்டார். அன்றிரவு 80 மைல் வடக்கே ஆல்பைனில் ஒரு மோட்டலில் அறை எடுத்துப் படுத்தோம்.

புகார் கொடுத்தபோது, இடத்தில் இருக்கும்போதே தெரிவித்து, சரிசெய்ய ஹோஸ்டுக்கு வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்று புக்கிங் தளம் சொன்னது. சிக்னலே இல்லாத இடத்திலிருந்து எப்படித் தெரிவிப்பது? துப்புரவுக் கட்டணத்தை மட்டும் திருப்பினார்கள். பிறகு கிரெடிட் கார்டு வங்கியிடம் போனோம். கெடு முடிந்த தேதி, மறுநாள் தேதியோடு வந்த அந்த ‘வரும் வழி’ செய்தி, பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேர்த்து அனுப்பியதால் ஒரு பகுதி பணம் கிடைத்தது. விளம்பரத்தைப் புக் செய்யும் அன்றே முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்கள் புகாருக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ‘மண் சாலை’ என்ற வரி புதிதாக முளைத்திருக்கிறது.

டெக்சாஸில் நகர எல்லைக்கு வெளியே இருக்கும் நிலத்தில் எதைக் கட்டலாம், எதை வாடகைக்கு விடலாம் என்று மண்டலம் பிரித்துக் கட்டுப்படுத்தும் பொது அதிகாரம் கவுன்டிக்குக் கிடையாது. ஷெட்டோ கூடாரமோ பழைய பஸ்ஸோ, கேபின் என்று பெயர் வைத்தால் கேபின்தான். நல்ல இடங்களும் அங்கே நிறைய உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் பிரித்துக் காட்டப் படங்களால் முடியாது. 2022-இல் இந்தப் பகுதி சர்வதேச இருள்வான் காப்பகமாக, அதாவது விளக்கு வெளிச்சம் இரவு வானத்தைக் கெடுக்காமல் காக்கும் இடமாக, அறிவிக்கப்பட்டது. நட்சத்திரப் படம் யார் எடுத்தாலும் அழகாகத்தான் வரும். சாலை, கழிவறை, குளிக்கும் இடம் இவற்றின் படம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

‘பிக் பெண்டுக்கு அருகில்’ என்ற வார்த்தையையும் நம்பாதீர்கள். வடக்கே இருக்கும் மாரத்தான் என்ற ஊரிலிருந்து பூங்காவின் நடுவில் இருக்கும் பாந்தர் ஜங்ஷன் தலைமையகம் சுமார் 70 மைல். மேற்கு வாசலை ஒட்டிய ஸ்டடி பியூட்டிலிருந்தே அது 25 மைல் போல வரும், தலைமையகத்திலிருந்து ஆற்றங்கரையில் இருக்கும் ரியோ கிராண்ட் வில்லேஜ் இன்னும் 20 மைல். பூங்காவுக்குள் வேக வரம்பு 45 மைல்தான். இன்னொன்று, பிக் பெண்ட் ராஞ்ச் என்பது மாநிலப் பூங்கா, வேறு இடம். அதன் பக்கத்தில் இருப்பதையும் பிக் பெண்ட் என்றே விற்கிறார்கள். கூகுள் மேப்பில் பாந்தர் ஜங்ஷனைப் போட்டுத் தூரம் பாருங்கள், கேபினின் சரியான இடத்தைக் கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள். வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தையும் படியுங்கள். பல நிறுவனங்கள் மண் சாலையில் ஓட்டுவதைத் தடை செய்திருக்கின்றன, அங்கே மாட்டினால் இழுக்கும் செலவு உங்கள் தலையில்.

கூடாரம் போடத் தயார் என்றால் பூங்காவுக்குள்ளேயே தங்குவதுதான் என் முதல் சிபாரிசு. சிசோஸ் பேசின், ரியோ கிராண்ட் வில்லேஜ், காட்டன்வுட் என்று மூன்று கேம்ப்கிரவுண்ட் இருக்கின்றன. ரிக்ரியேஷன்.காவ் தளத்தில் முன்பதிவு ஆறு மாதம் முன்பே திறந்துவிடும், விடுமுறை வாரங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும். பூங்கா நிர்வாகத்தின் தளத்தில் எது திறந்திருக்கிறது, எங்கே தண்ணீர் இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி போட்டிருப்பார்கள். மலைமேல் இருக்கும் சிசோஸுக்கும் ஆற்றங்கரையில் இருக்கும் மற்ற இரண்டுக்கும் பாரன்ஹீட்டில் 20 டிகிரி வரை வித்தியாசம் வரும், வயதானவர்களுக்கு ஆற்றங்கரைதான் இதம். காட்டன்வுட்டில் குழிக் கழிவறைதான், ஜெனரேட்டருக்கும் அனுமதி இல்லை. விறகு மூட்டிக் குளிர்காய்வது பூங்காவுக்குள் எங்குமே கூடாது. சாப்பாட்டுச் சாமான்களை அங்கே இருக்கும் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும், கரடி நடமாட்டம் உண்டு.

கேபின்தான் வேண்டும் என்றால் பணம் கட்டும் முன் புக்கிங் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேளுங்கள், போனில் வேண்டாம். நான் இப்போது அனுப்புவது இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ‘தார்ச் சாலை முடிந்தபின் எத்தனை மைல் மண் சாலை? மழை பெய்த மறுநாள் சாதாரண செடான் வருமா? கழிவறை கட்டடத்துக்குள் இருக்கிறதா, தண்ணீர் ஊற்றும் கழிவறையா? குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா? ஹீட்டர் எந்த வகை, கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? அவசரத்துக்கு வைஃபையோ சிக்னலோ உண்டா?’ ரத்து செய்யும் கெடுவுக்குள் இதற்கு எழுத்தில் பதில் வராத இடத்தை நாங்கள் எடுப்பதில்லை.