மாட்டுத்தோலில் அட்லாண்டிக்: ‘பிரெண்டன்’ படகு, ஒரு மதிப்பீடு

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில், க்வின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கிராகனோவன் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டுக் கோபுரவீடு, ஏரிக்குள் அமைத்த கிரானோக் குடியிருப்பு, வட்டக் கோட்டை என்று அங்கே பார்க்கப் பலவும் உண்டு. கடலோடிகளின் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களை அவ்வளவு தூரம் இழுப்பது மட்டும் ஒன்றே ஒன்று: ‘பிரெண்டன்’. 1976-77-இல் பிரிட்டிஷ் பயண ஆய்வாளர் டிம் செவரினும் அவர் குழுவும் அயர்லாந்திலிருந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வரை சுமார் 4,500 மைல் ஓட்டிச்சென்ற தோல் படகு அது. கொலம்பஸுக்கு ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்பே ஐரிஷ் துறவிகள் அமெரிக்காவைத் தொட்டிருக்க முடியுமா என்று யார் வாதிட்டாலும் பேச்சு கடைசியில் இந்தப் படகில்தான் வந்து நிற்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: படகாக இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். சான்றாகப் பாதிதான்.

படகின் நீளம் 36 அடி, அதாவது சுமார் 11 மீட்டர். வரைந்தவர் கப்பல் வடிவமைப்பாளர் காலின் மூடி. கட்டியது கார்க் மாவட்டத்தின் கிராஸ்ஹேவன் படகுத்துறையில். வங்குகளும் (விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்கள்) நீளச் சட்டங்களும் ஆஷ் மரம், விளிம்புப் பலகைகள் ஓக். சட்டகத்தில் ஆணிக்கு வேலையே இல்லை. மரம் மரத்தைச் சந்திக்கும் இடமெல்லாம் தோல்வாரால் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மட்டும் ஏறக்குறைய 3 கி.மீ. வார் போயிருக்கிறது. ஒகேனக்கல் பரிசலைக் கவனித்தவர்களுக்கு இந்தத் தத்துவம் உடனே பிடிபடும்: வளைந்து கொடுக்கும் கூடு, அதன்மேல் ஓர் உறை. ஆணி அடித்த கூடாக இருந்தால் அலை முறுக்கும் ஒவ்வொரு முறையும் ஆணித்துளை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். வார்க்கட்டு நனைந்தால் முறுக்கத்தோடு சேர்ந்து நெகிழும், மறுபடி இறுகும். பெரிய அலையில் படகு முழுவதுமே நெளிவதைப் பயணத்தில் வந்தவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

உறைக்கு ஆனது 49 மாட்டுத்தோல். இந்தப் படகின் உயிரே இங்கேதான் இருக்கிறது, பார்வையாளர்கள் பலர் கவனிக்காமல் கடந்துபோவதும் இதைத்தான். படகுக்குப் பெயர் தந்த 6-ஆம் நூற்றாண்டு ஐரிஷ் துறவி புனித பிரெண்டனின் கடற்பயணத்தைச் சொல்லும் லத்தீன் நூலான ‘நாவிகாத்தியோ’வில் படகு கட்டும் முறை ஒரு பத்தியாக வருகிறது: ஓக் பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோலால் போர்த்தினார்கள், தையல்களுக்குக் கொழுப்பு பூசினார்கள், இன்னும் இரண்டு படகுக்கு ஆகும் தோலையும் 40 நாள் உணவையும் ஏற்றிக்கொண்டார்கள். இதை அப்படியே எடுத்துக்கொண்டு, இங்கிலாந்தின் கார்ன்வாலில் இன்னும் ஓக் பட்டைக் குழிகளை வைத்திருந்த ஒரு பழைய தோல்ஷாப்பில் தோல் வாங்கினார்கள். இந்த முறையில் தோல் பதமாக ஏறத்தாழ ஓராண்டு ஆகும். வெவ்வேறு வகையில் பதனிட்ட தோல்களை உப்புநீரில் போட்டுச் சோதித்ததில் தாக்குப்பிடித்தது ஓக் பட்டைத் தோல். அதன்மேல் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கம்பளிக் கொழுப்பைச் சூடாக்கி ஏற்றினார்கள்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கம்பளிக் கொழுப்பு குளிர்ந்த நீரில் கெட்டியாக நிற்கும். வெதுவெதுப்பான நீரில் இளகிக் கசிந்துவிடும். கொழுப்பு போனால் நார் நாராக நீர் ஏறும், தோல் ஊறித் தொய்யும், பிறகு அழுகும். தெற்கே அசோரஸ் தீவுகள் வழியாகத் தோல் படகை விடலாமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வடகடலின் குளிர் மாலுமிக்குப் பகை, தோலுக்குத் துணை. ஃபாரோ தீவுகள், ஐஸ்லாந்து, கிரீன்லாந்து என்று போகும் வடக்கு வழியை நம்பலாம் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த வலுவான பொருள்சார்ந்த காரணம் இதுவே.

நேரில் போனால் தையல்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒரு தோலின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறி உட்கார, மெழுகிட்ட ஆளிநார் நூலால் கையால் தைத்திருப்பது தெரியும். அடி அதிகம் விழும் அணியத்தில் (முன்பகுதியில்) தோல் பல அடுக்கு. 1977-இல் கனடாவின் லாப்ரடார் கரைப் பக்கத்துப் பனிக்கட்டிகளுக்கு நடுவே இரண்டு பாளங்கள் நெருக்கியதில், நீர்மட்டத்தை ஒட்டிச் சில அங்குலம் கிழிந்து தண்ணீர் ஏறியது. உள்ளே ஓர் ஆள், வெளியே விளிம்பில் தொங்கியபடி ஓர் ஆள். ஊசி உள்ளிருந்து போக, வெளியிலிருந்து வர, தோல்துண்டு வைத்துத் தைத்து முடித்தார்கள். வெளியே தொங்கியவரின் தலைமேல் பனிநீர் அலை அலையாக ஏறிக்கொண்டிருந்தது. மரப்பலகை அப்படி உடைந்திருந்தால் நடுக்கடலில் அதை மாற்ற வழியே இல்லை. மாற்றுத்தோலைச் சுமந்துபோனார்கள் என்று நூல் சொல்வது கதைக்குச் சேர்த்த அலங்காரமல்ல, அனுபவப்பட்டவர் சொன்ன விவரம் என்று நம்பவைப்பது இந்த ஒட்டுத்தையல்தான்.

இனி குறைகள். ஆழமான ஏரா (அடிமுதுகுச் சட்டம்) இல்லாததால் காற்றுக்கு எதிராக இந்தப் படகு ஏறாது. சதுரப்பாய் பின்காற்றில் நன்றாக இழுக்கும். காற்று பக்கவாட்டில் திரும்பினால் போதும், படகு நண்டு மாதிரி நழுவும். அதைக் குறைக்கப் பக்கவாட்டில் பலகைகள் இறக்கினார்கள். அந்தப் பலகைகளைப் பற்றி ‘நாவிகாத்தியோ’வில் ஒரு சொல்லும் கிடையாது. நூல் சொல்வது நடுவில் ஒரு பாய்மரம், இதில் இருப்பது இரண்டு. ரேடியோ, தார்ப்பாய், பம்பு எல்லாம் படகில் இருந்தன. ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே பேரலை ஏறிப் படகு நிரம்பியபோது பம்பு அடித்துத்தான் பிழைத்தார்கள். அதன்பின் அமரத்துத் (பின்பகுதி) திறப்பை மறைக்கத் தோலாலேயே ஒரு கூரை கட்டிக்கொண்டார்கள். அது பழைய மாலுமியாலும் முடிந்திருக்கக்கூடிய வேலை. வாளியால் இறைத்து மீண்டிருப்பார்களா என்ற கேள்விக்கு இந்தப் பயணத்தில் பதில் இல்லை.

உணவு விஷயத்தில் பழைய முறையே ஜெயித்தது. பொட்டலத்தில் வந்த உலர் உணவு உப்புநீரில் நனைந்து வீணாக, இரண்டாம் கட்டத்துக்குப் புகையிட்ட இறைச்சி, உப்பிட்ட பன்றிக்கறி, ஓட்ஸ், பாலாடைக்கட்டி, ஹேசல் கொட்டை என்று மாறினார்கள். ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் 1977 மே 7 கிளம்பி, ஜூன் 26 நியூஃபவுண்ட்லாந்தின் பெக்ஃபோர்டு தீவில் இறங்கினார்கள்: 50 நாள். நூலில் வரும் 40 நாள் உணவை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு கிட்டத்தட்ட விளிம்பில் நிற்பது புரியும். குளிர்காலம் முழுக்கப் படகை ஐஸ்லாந்தில் நிறுத்தி, சரிபார்த்து, அதன்பிறகு தொடர்ந்த பயணம் இது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அப்படியானால் ஐரிஷ்காரர்கள் உண்மையில் எதுவரை போனார்கள்? ஐஸ்லாந்து வரை என்பதில் எங்களுக்குத் தயக்கமில்லை. 825-இல் எழுதிய ஐரிஷ் துறவி திகுயில், சுமார் 30 ஆண்டுகளுக்கு முன் துலே தீவில் (ஐஸ்லாந்து என்றே இதைக் கொள்கிறார்கள்) பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை தங்கிய துறவிகளிடம் தானே கேட்டறிந்ததாகச் சொல்கிறார். கோடை நள்ளிரவிலும் சட்டையில் பேன் பொறுக்கும் அளவுக்கு வெளிச்சம் இருந்ததாம். கற்பனையில் எழுதுகிறவருக்கு இப்படி ஒரு விவரம் தோன்றாது. அங்கிருந்து வடக்கே ஒரு நாள் ஓடினால் கடல் உறைந்திருந்தது என்கிறார். ஸ்காண்டிநேவியாவின் நார்ஸ் மக்கள் (வைக்கிங்குகள்) வந்தபோது ஐரிஷ் நூல்களையும் மணிகளையும் துறவிகளின் வளைகோல்களையும் விட்டுப்போன ‘பாபர்’ துறவிகளை 12-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஆரி தோர்கில்சன் குறிப்பிடுகிறார். ஃபாரோ தீவுகளில் மண்ணே சாட்சி: அங்கே ஏரிப்படிவத்தில் கிடைத்த ஆட்டின் மரபணு, நார்ஸ் குடியேற்றத்துக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய கி.பி. 500 வாக்கில் ஆடுகள் மேய்ந்ததைக் காட்டுகிறது. கொண்டுவந்தவர் யார் என்று ஆட்டின் மரபணு சொல்லாது. திகுயிலின் குறிப்போடு வைத்துப் படித்தால் பிரிட்டன், அயர்லாந்துப் பக்கமே கை நீள்கிறது.

அமெரிக்கா என்றால் கதை வேறு. நார்ஸ் மக்களுக்கு நியூஃபவுண்ட்லாந்தின் லான்ஸ் ஓ மெடோஸில் வீட்டு அடித்தளம், இரும்பு உருக்கிய அடையாளம், 1021-இல் உலோகக் கருவியால் வெட்டிய மரம் எல்லாம் இருக்கின்றன. ஐரிஷ் தரப்பில் அட்லாண்டிக்கின் மறுகரையில் ஒரு மணிகூட இல்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பாறைக்கீறல்களைப் பழைய ஐரிஷ் எழுத்தான ஓகம் என்று 1980-களில் வாசித்ததைத் தொல்லியலாளர்கள் ஏற்கவில்லை. போவது ஒன்று, திரும்பி வந்து சொல்வது இன்னொன்று. மேற்கே போக கிரீன்லாந்து நீரோட்டமும் வடபகுதிக் கீழைக்காற்றும் கைகொடுக்கும். திரும்ப மேலைக்காற்று உதவும். ஆனால் பிரெண்டன் படகு திரும்பிய பயணத்தை ஓட்டிக்காட்டவில்லை. ‘நாவிகாத்தியோ’வின் பளிங்குத் தூணைப் பனிமலையாகவும், கொல்லர் தீவை எரிமலையாகவும் படிப்பதில் நியாயம் உண்டு, அவை இரண்டும் ஐஸ்லாந்துப் பயணத்துக்கே போதும், அதற்கப்பால் நம்மைத் தள்ளுவதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஷானன் விமான நிலையம் பக்கம், கார் இருந்தால் நல்லது. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் என்று நம்பிக் கிளம்பாமல், அந்தப் பருவத்தில் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அதே பயணத்தில் டப்லினின் கில்டேர் தெருவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1896-இல் வட அயர்லாந்தின் ப்ராய்டரில் கிடைத்த தங்கப் படகு அங்கே இருக்கிறது: கி.மு. முதல் நூற்றாண்டு, நீளம் சுமார் 18 செ.மீ., இருக்கைகள், துடுப்புகள், பாய்மரம், திசைதிருப்பும் துடுப்பு எல்லாம் உண்டு. பிரெண்டன் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரிஷ் படகுகள் பாய் விரித்தன என்பதை அது காட்டுகிறது. நேரம் குறைவு என்றால் இதை முதலில் பார்த்துவிட்டு கிளேருக்குப் போங்கள்.