அடுப்புக் கல்லில் கீறல் என்று யாராவது பயமுறுத்தினால் அவசரப்பட்டுக் காசைக் கொடுக்காதீர்கள்

நோர்வேயில் வீடு வாங்கி, அதோடு விறகடுப்பும் சேர்ந்து வந்த நம்மவர்களுக்காக எழுதுகிறேன். போன ஒக்டோபரில் 6,500 குரோனர் ஏமாந்தேன். காசு போனதைவிட, ஒரு மாதமாக அந்த அடுப்பை எரித்துக்கொண்டு பிள்ளைகளோடு அதன் முன்னால் இருந்தோமே, அதை நினைத்தால்தான் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

வீடு ஒஸ்லோவுக்குப் பக்கத்திலுள்ள லோரன்ஸ்கூக்கில். அடுப்புக்குள்ளே சுவர்போல வைத்திருக்கும் கற்களில், பின்பக்கக் கல்லில் மேலிருந்து கீழாக ஒரு கீறல். விறகை வைக்காமல் எறிகிற என் பழக்கம்தான் காரணம். விளம்பரம் பார்த்து ஒருவரைக் கூப்பிட்டேன். ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இனி ஒரு நாளும் பற்றவைக்காதீர்கள், வீடே எரியும்" என்றார். பக்கத்தில் மனைவி. பிறகென்ன, சரி மாற்றுங்கள் என்றேன்.

அடுப்பின் பின்புறம் அது என்ன மொடல் என்று பெயர் பொறித்த தகடு இருந்தது. அந்தப் பக்கமே அவர் பார்க்கவில்லை. தன் வான் வண்டியிலிருந்து ஒரு வெள்ளைப் பலகையை எடுத்து வந்து வெட்டினார், கட்டட வேலைச் சீமெந்துபோல ஏதோ பூசி ஒட்டினார். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. காசை விப்ஸில் (கைபேசியில் பணம் அனுப்பும் செயலி) தன் சொந்தக் கைபேசி எண்ணுக்குப் போடச் சொன்னார். பற்றுச்சீட்டு பிறகு வரும் என்றார். இன்னும் வரவில்லை.

முதல் நாளே நாற்றம். போன் எடுத்தால் "புதுக்கல் அப்படித்தான்" என்றார். புதுக்கல் முதல் தடவை கொஞ்சம் மணக்கும் என்பது உண்மைதான், அதனால் நம்பினேன். இரண்டாம் கிழமை பலகையின் விளிம்பு கருகி உதிர்ந்தது. மூன்று நாள் வருகிற விறகுச் சாக்கு ஒன்றரை நாளில் முடிந்தது. அறையோ சூடாகவில்லை.

கொம்யூனிலிருந்து (இங்குள்ள உள்ளூராட்சி சபை) புகைபோக்கி பார்க்கிறவர், முன்கூட்டியே அறிவித்தபடி, நவம்பரில் வந்தார். (இவர்களுக்கான கட்டணம் கொம்யூன் பில்லிலேயே வந்துவிடும், வாசலில் நின்று காசு கேட்க மாட்டார்கள்.) உள்ளே கையை விட்டு மேலே தடவியவர், "மேல் தட்டு எங்கே?" என்றார். கல் மாற்ற வந்த ஆள் கழற்றியிருக்கிறார், திரும்பப் போடவில்லை. கராஜ் மூலையில், பழைய கற்களோடு கிடந்தது.

1998க்குப் பிறகு இங்கே விற்கும் அடுப்புகள் புகையையும் உள்ளேயே எரிப்பவை. அதற்கு உள்ளே நல்ல சூடு வேண்டும். உள்ளே சுற்றி நிற்கும் வெர்மிகுலைட் (சூட்டைத் தாங்கும் ஒரு கனிமம்) கற்கள் அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கின்றன, இரும்பையும் காக்கின்றன. மேல் தட்டு தீயைத் திருப்பி, சுற்றிப் போகவைக்கிறது. அது இல்லாவிட்டால் தீ நேரே புகைபோக்கிக்குள் போகும். வீடு எரியும் என்று சொன்ன ஆளே அதற்கு வழியும் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

கீறலைப் பற்றிப் புகைபோக்கி பார்க்க வந்தவரிடமே கேட்டேன். கல் இருந்த இடத்தில் அசையாமல் நின்றால் கீறலோடு எரிக்கலாமாம். துண்டு விழுந்து பின்னால் இரும்பு தெரிந்தால், அல்லது கல் தேய்ந்து மெலிந்தால்தான் மாற்ற வேண்டும்.

தகட்டிலிருந்த பெயரைச் சொல்லிக் கடையில் எல்லாக் கற்களையும் எடுத்தேன், 1,900 குரோனர். சீமெந்தைச் சுரண்டுவதற்குத்தான் அரை நாள் போனது. போடுவதற்கு இருபது நிமிடம். ஒட்டவே தேவையில்லை, பின்கல், பக்கக் கற்கள், கடைசியாக மேல் தட்டு, ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும். சூட்டில் விரிய ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடம் விட வேண்டும், இறுக்கி அடித்தால் வெடிக்கும். மரம் அறுக்கும் கைவாளே இந்தக் கல்லை அறுக்கும், ஆனால் தூசிக்கு முகக்கவசம் போடுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை சின்ன நெருப்பு போதும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. இப்போது அந்த எண்ணே வேலை செய்வதில்லை.

மேல் தட்டைத் தேடும்போது அந்தப் பழைய பின்கல்லையும் புகைபோக்கி பார்க்க வந்தவரிடம் காட்டியிருந்தேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் இரண்டு குளிர்காலம் வந்திருக்கும்" என்றார்.