டிஃபைன் ஆர்5: டிஸ்க்குகளுக்கு மூச்சுவிட இடம் தரும் கேஸ்

வீட்டுச் சேமிப்பு சர்வருக்காக ஃப்ராக்டல் டிசைன் நிறுவனத்தின் டிஃபைன் ஆர்5 கேஸை, அதாவது கணினியின் பாகங்களை வைக்கும் வெளிப்பெட்டியை, வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் இருந்தது ஒரு குட்டிப் பெட்டி. புத்தக அலமாரியில் அடங்கும், பார்க்கவும் அழகு. அதற்காகவே வாங்கினேன். நான்கு ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல உட்கார்ந்திருக்கும். நடுவில் நகம் நுழையும், விரல் நுழையாது. மாதம் ஒருமுறை ஸ்க்ரப் ஓடும்போது, அதாவது எல்லா டிஸ்க்கையும் முழுவதுமாகப் படித்துச் சரிபார்க்கும்போது, நடுவிலிருந்த இரண்டும் 54 டிகிரியைத் தொட்டன.

சூட்டைச் சொல்லி யாரையும் பயமுறுத்த நினைக்கவில்லை. கூகுள் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. மிதமான வெப்பத்துக்கும் டிஸ்க் பழுதாவதற்கும் பெரிய தொடர்பு அதில் தெரியவில்லை, மிக அதிகமான சூட்டில்தான் பாதிப்பு தலைகாட்டியது. அதனால் 40-ஐத் தாண்டியதுமே பதற வேண்டாம். ஆனால் 54 எனக்குத் தூக்கம் கெடுக்கும் எண்தான். என் டிஸ்க்குகளுக்கு அப்போதே நான்கு வயது.

கேஸை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவெடுக்க வைத்தது சூடு அல்ல. ஒரு டிஸ்க் செத்துப்போனது. நான்கும் ஒரே மாதிரி, சீரியல் எண் ஒட்டியிருக்கும் பக்கம் உள்ளே மறைந்திருந்தது. ஊகித்து ஒன்றைக் கழற்றினேன். அது நல்ல டிஸ்க். ஒரு டிஸ்க் போனால் மட்டுமே தாங்கும் அமைப்பு அது, எனவே பூல், அதாவது நான்கு டிஸ்க்கும் சேர்ந்த ஒரே சேமிப்பிடம், எழுந்திருக்கவே இல்லை. அப்பாவின் குரல் இருந்த கேசட்டுகளைப் பதிவேற்றி வைத்திருந்தது அதில்தான். வேறு பிரதி இருந்தது, கழற்றியதைத் திரும்ப மாட்டியதும் எல்லாம் வந்தும்விட்டது. இருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தை மறக்க முடியவில்லை.

சரி, ஆர்5-க்கு வருகிறேன். உள்ளே வெள்ளை நிறத்தில் எட்டு இரும்புத் தட்டுகள், 5 ஒரு கூண்டிலும் 3 இன்னொன்றிலும். ஒவ்வொரு டிஸ்க்கும் ரப்பர் வளையங்களின் மேல் உட்காருகிறது, திருகு அடியிலிருந்து ஏறுகிறது. வளையம் லேசாக அமுங்கும்வரை முறுக்கினால் போதும். அதற்குமேல் முறுக்கினால் அதிர்வை வாங்க ரப்பருக்கு வழி இருக்காது. ஒன்றைக் கவனியுங்கள்: கொள்ளளவு கூடிய புதிய டிஸ்க்குகள் பலவற்றில் அடிப்பக்கத் துளைகளில் ஒரு ஜோடி இடம் மாறியிருக்கும். எந்தக் கேஸ் வாங்கினாலும், உங்கள் டிஸ்க்கின் துளைகள் தட்டின் துளைகளோடு பொருந்துமா என்று முதலில் பாருங்கள்.

தட்டு இடப்பக்கமாக வெளியே வருகிறது, கேபிள்கள் வலப்பக்கம் சேர்கின்றன. ஆக ஒரு டிஸ்க்கை எடுக்க இரண்டு பக்க மூடியையும் திறக்க வேண்டும், மெஷினையும் அணைக்க வேண்டும். ஓடும்போதே கழற்றி மாட்ட நினைப்பவர்களுக்கான கேஸ் இது இல்லை. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பழைய பாடம் நினைவிருந்ததால், ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் காகித டேப் ஒட்டி, சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பேனாவால் எழுதினேன். கேபிள் முனைகளிலும் அதே எண். தட்டுகள் அகலமாக இருப்பதால் எழுத இடமிருக்கிறது!

காற்றோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேஸோடு இரண்டு 140 மிமீ ஃபேன் வருகின்றன, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எட்டுத் தட்டுகளுக்கு முன்னால் ஒரு ஃபேன் போதாது. இன்னொன்று வாங்கி முன்பக்கம் மாட்டுங்கள், இடம் இருக்கிறது. அடுத்தது, அந்த ஃபேன்களை மதர்போர்டின் தானியங்கிக் கட்டுப்பாட்டில் விடாதீர்கள். மதர்போர்டு பார்ப்பது சிபியு வெப்பத்தை. சேமிப்பு சர்வரில் சிபியு சும்மா இருக்கும், டிஸ்க்குகள்தான் வேர்த்துக்கொண்டிருக்கும். ஸ்க்ரப் ஓடும் நேரத்தில்கூட ஃபேன் தூங்கி வழியும். ஆர்5-ல் ஃபேன் வேகத்தை மாற்ற 5, 7, 12 வோல்ட் என்று மூன்று நிலை உள்ள ஒரு ஸ்விட்ச் முன்னாலேயே இருக்கிறது. நான் 7-ல் வைத்துவிட்டு அதை மறந்தே போனேன்.

முன்கதவு மூடியிருக்கும்போது காற்று ஓரத்து இடுக்குகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. கதவைத் திறந்து வைத்துப் பார்த்ததில் டிஸ்க்குகளின் சூடு 2 டிகிரி குறைந்தது. சத்தமோ கூடியது. பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதால் மூடியே வைத்திருக்கிறேன். பக்க மூடிகளிலும் கதவிலும் சத்தம் அடக்கும் தடித்த அட்டை இருப்பதால், டிஸ்க் தன்னுள் தரவைத் தேடும்போது வரும் கடகட ஒலி கதவுக்கு அப்பால் கேட்பதில்லை.

அளவைச் சொல்லிவிடுகிறேன்: 232 × 451 × 521 மிமீ. காலியாகவே கிட்டத்தட்ட 11 கிலோ. ஆறு டிஸ்க்கும் பவர் சப்ளையும் சேர்ந்தால் ஒருவர் தூக்கி அலமாரியில் வைக்கிற பெட்டி அல்ல. தரையில் இடம் ஒதுக்குங்கள். என்றைக்கும் நான்கு டிஸ்க்தான் என்றால் இவ்வளவு பெரியது தேவையும் இல்லை. அப்புறம், எட்டுத் தட்டையும் நிரப்பப் போகிறவர்களுக்கு மதர்போர்டில் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா போர்ட்டுகள் பெரும்பாலும் போதாது, கூடுதல் டிஸ்க்குகளை இணைக்க உதவும் ஹெச்பிஏ கார்டு தேவைப்படும். அந்தக் கார்டுகள் சர்வர்களின் வேகமான காற்றுக்காகச் செய்யப்பட்டவை, இந்தக் கேஸின் மெதுவான காற்றில் கொதிக்கும். நான் கார்டின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் மேல் ஒரு சின்ன ஃபேனைக் கட்டிவிட்டேன்.

போன மாதம் மறுபடி ஒரு டிஸ்க் பிழை காட்டியது. திரையில் 4471 என்று முடியும் எண். இரண்டு மூடியையும் திறந்து, 4471 என்று எழுதிய தட்டை இழுத்து, புதியதை மாட்டி, டேப்பை மாற்றி எழுதி, பவர் பட்டனை அழுத்தப் பத்து நிமிடம் ஆனது. பூல் தன்னைச் சரிசெய்துகொள்ள 14 மணி நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் ஓடியதில் எந்த டிஸ்க்கும் 41 டிகிரியைத் தாண்டவில்லை.