சருகா, மட்கிய கட்டையா?

சிங்கப்பூரின் புக்கித் தீமா இயற்கைக் காப்பகம் போன்ற காட்டில் ஐசோபாட் என்ற குட்டி உயிரைப் பார்க்க எங்கே குனிவது? இறால், நண்டு வகையைச் சேர்ந்த இந்த 7 ஜோடிக் கால்காரர் செவுள் போன்ற உறுப்புகளால் மூச்சு விடுகிறார். உடம்பு காய்ந்தால் கதை முடிந்தது. ஆக, ஈரம் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

டிசம்பர், ஜனவரி மழையில் சருகே போதும். வீடும் அதுதான், சாப்பாடும் அதுதான். ஆனால் நாலு நாள் வெயில் அடித்தால் மேலடுக்கு அப்பளமாகிவிடும்.

மழை குறையும் பிப்ரவரியில் என் ஓட்டு கட்டைக்குத்தான். பஞ்சுபோல ஊறிய மரம் ஈரத்தை லேசில் விடாது. தோல் உரிக்கவும் மறைவிடம் வேண்டுமே! முதலில் பின்பாதி, அப்புறம் முன்பாதி என இரண்டு தவணையாக உரிக்கும். புதுத்தோல் இறுகும்வரை எறும்பைக் கண்டால்கூட அதற்குப் பயம்தான்.

குளிர்நாடுகளில் இவை பனிக்காலத்தில் ஒடுங்கிக் கிடக்கும். இங்கே பனி ஏது? மழைதான் நடமாட்டத்தைத் தீர்மானிக்கிறது.

ஒன்று, காப்பகத்தில் கட்டையைப் புரட்டிப் போடாதீர்கள். ஆசை அடங்கவில்லையா? சரி, வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். எங்கள் தாழ்வாரத்தில் நான் முதலில் பார்த்ததே அங்கேதான்.