கரூர் ‘க₹ர்’ ஆனது: நோட்பேடா, நோட்பேட்++ஆ, விஎஸ் கோடா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடைக்கு ஊர்வாரியாக பார்சல் கட்டணப் பட்டியல் அடித்துக் கொடுத்தேன். ‘ரூ’ வரும் இடமெல்லாம் ₹ போடச் சொன்னார் கடைக்காரர். சில வரிகளில் ‘ரூ.80’, சிலவற்றில் ‘ரூ 80’. சரி, புள்ளியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்பேடில் கன்ட்ரோல்+எச் அழுத்தி, வெறும் ‘ரூ’வைக் கொடுத்து ‘ரீப்ளேஸ் ஆல்’ தட்டினேன். கரூர் ‘க₹ர்’ ஆனது. அரூர் ‘அ₹ர்’ ஆனது. கடைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

நோட்பேடைத் திட்டிப் பயனில்லை. கொடுத்த எழுத்தை அப்படியே தேடும், அவ்வளவுதான். பத்து வரிக் கோப்புக்குப் போதும்.

அடுத்து நோட்பேட்++ என்ற எடிட்டர். அதில் தேடும் முறையை ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ (அப்படியே எழுத்தைத் தேடாமல், எழுத்துகள் அமையும் வடிவத்தைத் தேடுவது) என்று மாற்றிக்கொண்டு, மேல் பெட்டியில் இதைப் போட்டேன்:

ரூ\.? ?([0-9])

கீழ்ப் பெட்டியில் ₹$1. புள்ளியோ இடைவெளியோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அடுத்து எண் வந்தால்தான் பிடிக்கும். அடைப்புக்குள் சிக்கிய எண்ணை $1 திருப்பித் தந்துவிடும். கரூர் தப்பித்தது.

விஎஸ் கோட் என்ற எடிட்டரிலும் இதே கோலம்தான், தேடல் பெட்டியில் ‘.*’ பொத்தானை அழுத்தினால் வேலை செய்யும். வித்தியாசம் தெரிவது ஒரு ஃபோல்டர் முழுக்க மாற்றும்போது. கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எச் போட்டால் எந்தக் கோப்பில் எது எதுவாக மாறப்போகிறது என்று முன்னாடியே காட்டும், வேண்டாததைத் தள்ளிவிடலாம். நோட்பேட்++இன் ‘ரீப்ளேஸ் இன் ஃபைல்ஸ்’ ஒரு தடவை கேட்டுவிட்டு நேராகக் கோப்புகளில் எழுதிவிடும். அப்புறம் பழையபடி மாற்ற கன்ட்ரோல்+இசட் கைகொடுக்காது. அதனால் ஒற்றைக் கோப்பு என்றால் எனக்கு நோட்பேட்++, ஃபோல்டர் என்றால் விஎஸ் கோட். என்ன, என் பழைய கணினியில் அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

இரண்டுமே கோட்டைவிடும் இடம் கொலுசு. ‘கொ’வில் இருக்கும் ‘ொ’வை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு. அதனால் முதலில் ‘லுசு’ எத்தனை என்று எண்ணுவேன், அப்புறம் ‘கொலுசு’. முதலாவது 42, இரண்டாவது 35 என்று வந்தால், அந்த ஏழையும் தேடிப்பிடித்துத் திருத்திவிட்டுத்தான் ‘ரீப்ளேஸ் ஆல்’ பக்கம் கை போகும்.