வாஸ்ப்-4 ரிவ்யூ: பழைய பவர் பிளான்ட்டுக்கு மாத்து தேடுறவங்களுக்கு

வயசான யூனிட்ட மூடிட்டு பதிலுக்கு குறைஞ்ச செலவுல என்ன கட்டலாம், எந்த வருஷம் கட்டலாம்னு கணக்கு போடுற சாஃப்ட்வேர் இது, 1970கள் ஆரம்பத்துல சர்வதேச அணுசக்தி முகமைக்காக அமெரிக்காவோட டென்னசி வேலி அத்தாரிட்டியும் ஓக் ரிட்ஜ் லேபும் சேர்ந்து செஞ்சது, இப்ப இருக்கறது நாலாவது வெர்ஷன். அணுசக்தி ஆளுங்க குடுக்கறதால அணு உலையத்தான் தூக்கிப் பிடிக்கும்னு சிலர் நினைக்கறாங்க, அப்படியெல்லாம் இல்ல. டிஸ்கவுண்ட் ரேட்ட (வருங்காலச் செலவ இன்னைய மதிப்புக்குக் கொறைக்கற வட்டி மாதிரி விகிதம்) கொஞ்சம் ஏத்திப் பாருங்க, முதல்ல அடி வாங்குறதே முதலீடு அதிகமான அணு உலையும் அணையும்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒவ்வொரு யூனிட்டும் திடீர்னு ட்ரிப் ஆகற வாய்ப்பையும் சேர்த்தே கணக்கு போடுது. பீக் டிமாண்டே 1,000 மெகாவாட்தான்னு வைங்க, 100 மெகாவாட் பழைய யூனிட் அஞ்ச தூக்கிட்டு ஒரே ஒரு 500 போட்டா மெகாவாட் என்னவோ சமம்தான், கரண்ட் விலையும் கம்மியாத்தான் தெரியும், ஆனா அந்த ஒண்ணு விழுந்தா பாதி சப்ளை போச்சு. லாஸ் ஆஃப் லோடுக்கு, அதாவது தேவைக்கு கரண்ட் பத்தாம போற வாய்ப்புக்கு, ஒரு லிமிட் குடுத்தீங்கன்னா அந்த மாதிரி பிளான தானா ஓரம் கட்டிடும்.

குறைன்னு பாத்தா, பழைய யூனிட்ட எப்ப மூடணும்னு இது சொல்லாது. ஃபிக்ஸ்சிஸ்ங்கற மாட்யூல்ல அந்த வருஷத்த நாமதான் குடுக்கணும், அதனால ரிப்பேர் பண்ணி இன்னும் பத்து வருஷம் ஓட்டலாமா இல்ல இப்பவே இடிச்சிடலாமான்னு பாக்கணும்னா ரெண்டையும் தனித்தனியா ஓட்டித்தான் ஒப்பிடணும். புதுசா கட்டற எந்த வகை பிளான்ட்ல எத்தன யூனிட் வரை தேடணும்னும் நாமதான் சொல்லணும், விடை அந்த எல்லையிலயே போய் முட்டுச்சுன்னா ரிசல்ட்ல பிளஸ் மைனஸ் குறி போட்டு காட்டும், அத விரிச்சுட்டு மறுபடி ஓட்டணும். பொறுமை வேணும்.

பெரிய பிரச்சன சோலார்தான். இது லோட, அதாவது ஒவ்வொரு நேரத்து கரண்ட் தேவைய, பெருசுலேருந்து சிறுசா அடுக்கி ஒரு வளைவாக்கிடுது, அதுல எது மத்தியான லோடு, எது சாயங்கால லோடுன்னே தெரியாது. பேட்டரி எப்ப சார்ஜ் ஆகும், சூரியன் இறங்கறப்ப எந்த பிளான்ட் எவ்ளோ வேகமா ஏறணும்னெல்லாம் இதுகிட்ட கேக்கவே முடியாது. சோலார மணிக்கு மணி லோட்லேருந்து கழிச்சிட்டு மிச்சத்த உள்ள குடுக்கலாம், பலரும் அப்படித்தான் பண்றாங்க, ஆனா அப்ப எவ்ளோ சோலார் வேணும்ங்கற முடிவ நாமளே வெளிய எடுத்துட்டோம்னு ஆயிடுது, அதுக்கு எதுக்கு ஒரு ஆப்டிமைசேஷன் டூல்?

அனல், நீர், கேஸ்னு இருக்கற சிஸ்டத்துக்கு இப்பவும் தாராளமா வாங்கலாம், உறுப்பு நாட்டு நிறுவனங்கள் வழியாத்தான் கிடைக்கும். காத்தும் வெயிலும் அதிகமா வரப்போகுதுன்னா பைப்சா (PyPSA) மாதிரி ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்ல மணிக்கு மணி ஓட்டிப் பாருங்க, ஆனா அதுக்கு பைத்தான் எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் டீம்ல இருக்கணும். என் ரேட்டிங் 5க்கு 3.